கிளம்பிய மணிக்கே போய்ச் சேரும் விமானம்

மார்ச் 12, 2018

போமி அம்மாவுக்கு,

நேற்று டொராண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பீர்கள். நமக்கு நடுவே இருந்த பதினான்கு மணி நேரம் பதின்மூன்றாகிவிட்டது. ஒருவரும் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நாம் ஒரு மணி நேரம் நெருங்கியிருக்கிறோம். நவம்பரில் மறுபடியும் விலகிவிடுவோம். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று வீடியோவில் நீ "சாப்டீங்களா?" என்றாய். நான் "சாப்ட்டேன், நீ?" என்றேன். போமி வந்து கையசைத்தாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம், எதற்கென்று தெரியவில்லை. மகள் எதிரில் பெரிய பேச்சு வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

போமி பள்ளி முடிக்கிறவரை நீ அவளோடு அங்கே இருப்பது, முடித்ததும் திரும்பி வருவது. ஏழு வருடத்துக்கு முன் நாம் பேசிக்கொண்டது அதுதான். வரும் ஜூனில் முடிக்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் பல்கலைக்கழகம் முடிக்கிறவரை, இன்னும் ஒரு நான்கு வருடம், நீ அங்கேயே இருந்துவிட்டால் என்ன? தனியாக விட்டால் அவள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டது. உனக்கும் இங்கே வந்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த ஞாயிறு பேச முடியாது. ஆபீஸ் ஆட்களோடு மலையேறப் போகிறேன்.

போமி அப்பா


மார்ச் 17, 2018

போமி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. பனியில் திரும்பி நடந்து வந்தேன்.

'உனக்கும் இங்கே வந்து என்ன ஆகப்போகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனுஷி தன் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

யாராவது இருக்கிறாளா? இருந்தால் சொல்லிவிடுங்கள். நான் அழ மாட்டேன். உண்மையைச் சொன்னால், அழுகை வருமா என்றே எனக்குச் சந்தேகம். இங்கே வந்த முதல் வருடம் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரைக்கு முன்னால் வந்து உட்காருவேன். இப்போது அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்து பேசுகிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். நம் குடியிருப்பில் ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகத்து ஆள் கூடத்துச் சுவரில் இருக்கும் ஸ்பீக்கரில் வந்து கத்துவாரே, "பால்கனியில நின்னு யாரும் சிகரெட் புடிக்காதீங்க, மேல் வீட்டுக்குப் புகை போகுதுன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, அடுத்ததா குப்பையப் பிரிச்சுப் போடறவங்க கவனிக்கவும்" என்று. நாம் பேசுகிற நேரமும் அதுதான். அவர் பேசி முடிக்கிறவரை நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். போமி அவரைப் போலவே பேசிக் காட்டுவாள். அந்த மனிதரின் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகப் போகிறது. அந்த ஸ்பீக்கரை நிறுத்த வழியில்லை. வழி இருந்தால் நாம் குடிவந்த அன்றே நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள்.

உங்கள் தலைக்குப் பின்னால் நாம் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் எப்போதும் போலத் தெரிகிறது. படம் அதேதான். சுவர் வேறு என்று நினைக்கிறேன்.

மலையேறுகிறீர்களாம். இரண்டாவது மாடிக்கே மூச்சு வாங்குகிறவர், ஒரு வருடமாக எத்தனை மலைதான் ஏறினீர்கள்?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

ஓக்ஜு


மார்ச் 26, 2018

போமி அம்மாவுக்கு,

யாரும் இல்லை. இருந்தால் அவளை உட்கார வைக்கவும் இடமில்லை.

இஞ்சியோன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மேசை. கதவைத் திறந்தால் கட்டிலில் முட்டும். குடும்பப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சாயாமல் நேராக உட்கார்ந்தால் படம் முழுதாகத் தெரியும். அதனால்தான் வீடியோவில் நான் அத்தனை விறைப்பாக இருக்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கம்பெனியில் எங்கள் பிரிவை மூடினார்கள். என்னையும் சேர்த்து மூடிவிட்டார்கள். உன்னிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். போமிக்குப் பரீட்சை என்பாய், இல்லை காய்ச்சல் என்பாய். வீட்டைக் காலி செய்து, மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கட்டியிருந்த பெரிய முன்பணத்தைத் திரும்ப வாங்கி அனுப்பினேன். அதில்தான் கடைசி இரண்டு வருடம் ஓடியது. பியானோ என் தங்கை வீட்டில் இருக்கிறது. பயப்படாதே, அதை விற்கவில்லை.

இப்போது விமான நிலையத்தில் டிராலி தள்ளுகிறேன். பயணிகள் பெட்டியை எடுத்துக்கொண்டு டிராலியைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் அவற்றைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகி, ரயில் மாதிரி நீளமாகச் சேர்த்து, அடுக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மலை என்று சொன்னதெல்லாம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வேலை விழுந்தால் மலை, விழாவிட்டால் வீடு.

என்னோடு வேலை செய்கிற டோக்சு அண்ணன் எனக்குப் பெயர் வைத்துவிட்டார். "டேய் கில்சு, வசதி இருக்கறவன் கழுகுடா. நெனச்சா பறந்து போய்ப் புள்ளையப் பாத்துட்டு வருவான். வருஷத்துக்கு ஒருதரம் போறவன் காட்டுவாத்து. நீ பெங்குவின். றெக்கை இருக்கும், பறக்க வராது." பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கிற அப்பன்களை ஊரெல்லாம் சொல்கிற கேலிதான். நானும் விடவில்லை. "பெங்குவினுக்கும் ஏர்போர்ட்ல வேலை குடுத்திருக்காங்களே, அண்ணே!" என்றேன். அன்று முழுக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

டொராண்டோ விமானம் மாலையில் கிளம்புகிறது. தினமும் பலகையில் பார்க்கிறேன். பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரப் பயணம். உங்கள் கடிகாரமும் அதே பதின்மூன்று மணி நேரம் பின்னால் இருப்பதால், இங்கே ஏழு மணிக்கு ஏறுகிறவன் அங்கே அதே நாள் அதே ஏழு மணிக்கு இறங்குகிறான். கடிகாரத்தைக் கேட்டால் யாரும் எங்கும் போகவில்லை என்று சொல்லும். திரும்பி வருவதுதான் நீளம். எதிர்க்காற்றில் ஒன்றரை மணி நேரம் கூடிவிடும், போதாததற்கு ஒரு நாளும் காணாமல் போகும். ஏறப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் டிராலிகளை நான்தான் எடுக்கிறேன். சிலவற்றில் கைப்பிடி இன்னும் சூடாக இருக்கும்.

வர வேண்டாம் என்று ஏன் எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும். வந்தால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் எழுந்து நிற்க வேண்டும். நமக்கு அது பழக்கம்தான் என்று வைத்துக்கொண்டாலும்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

கில்சு


ஏப்ரல் 29, 2018

போமி அப்பாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் வரும், வந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், துணி துவைத்தேன்.

வேலைக்கா என்று கேட்பீர்கள். இரண்டு வருடமாகப் போகிறேன். இங்கே நம்மவர்கள் கடை ஒன்றில், பின்பக்கச் சமையலறையில் பாசித்தாளில் சோற்றைப் பரப்பிக் கிம்பாப் சுருட்டுகிறேன். காலையில் முட்டை பொரிப்பு, அதன் பின் மாலை வரை சுருட்டல். வீடியோவில் கோடையிலும் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேனே, கவனித்தீர்களா? முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்பு. நீங்கள் சுவரை மறைத்தீர்கள், நான் கையை மறைத்தேன். நல்ல ஜோடிதான்.

கடைக்கார அக்கா ஒரு நாள் கேட்டாள். "ஏன் ஓக்ஜு, ஒன் வீட்டுக்காரர் கம்பெனில பெரிய ஆளுன்னியே, அப்புறம் நீ ஏன் இங்க வந்து முட்டை பொரிக்கிற?" நான் சொன்னேன், "சும்மா இருந்தா போரடிக்குதுக்கா." அவள் இன்னொரு தட்டு முட்டையை என் பக்கம் தள்ளினாள்.

நாங்கள் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டது நம் வீட்டைத்தான் என்று இப்போது தெரிகிறது. கூடத்தை ஒரு வருடம், படுக்கை அறையை ஒரு வருடம். போமியின் அறையைப் போன குளிர்காலத்தில் முடித்திருப்போம். உங்களைத் திட்டலாம் என்று பார்த்தேன். போமியை இங்கே கூட்டி வரலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தானே. யாரைத் திட்டுவது?

போமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்பா டிராலி தள்றாரா? சரி. அதைச் சொல்றதுக்கு எதுக்கு இவ்ளோ நாளு?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அழுகிறாளோ என்று காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. அரை மணி கழித்து வெளியே வந்தாள். "கிராஜுவேஷனுக்கு அப்பாவை வரச் சொல்லு. வரலைன்னா இனிமே ஞாயித்துக்கெழம போனை நான் எடுக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சிக்கோங்க."

ஜூன் 27, புதன்கிழமை காலை.

நான் திரும்பி வருவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. செப்டம்பரில் போமி விடுதிக்குப் போய்விடுவாள். கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அக்கா சொல்கிறாள். ஜன்னல் பெரியது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த அறை பிடித்திருக்கிறது. உங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன். பார்த்து நான்கு வருடம் ஆகிறது. உங்கள் கணவர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் தோள் வரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும்.

ஓக்ஜு


மே 20, 2018

போமி அம்மாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன்.

எங்களுக்கு நினைத்தபோது விடுப்பு கிடையாது. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அந்த இரண்டு நாளுக்குள் போய் வர முடியுமா என்று டோக்சு அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். செவ்வாய் மாலை வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு அங்கிருந்தே விமானம் ஏறிவிடுவேன். போகும் பயணத்துக்குக் கடிகாரத்தில் செலவு இல்லை என்பதால் செவ்வாய் மாலையே உங்களிடம் வந்துவிடுகிறேன். புதன் காலை விழா. புதன் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் இங்கே வெள்ளி விடியலில் இறங்குவேன். வியாழக்கிழமை என்ற ஒன்று எனக்கு இருக்காது. இறங்கியதும் நேராக வேலை. பறக்கிற நேரமும் உங்களோடு இருக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஒரு பகல் இருக்கறதுக்கா இவ்ளோ தூரம் போற?" என்றார் அண்ணன்.

"பேரைக் கூப்புடறப்போ கைதட்டணும்ணே. அவ்ளோதான்."

"போய்ட்டு வாடா. டிராலி எங்கயும் ஓடிப் போயிடாது."

எனக்கு உண்மையில் வேறு ஆசை எதுவும் இல்லை. மேடையில் போமியின் பெயரைக் கூப்பிடும்போது நான் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், கைதட்ட வேண்டும். ஏழு வருடமாகச் செய்ததெல்லாம் அதற்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்த அறை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெரிய ஜன்னல் நல்லதுதான். என் அறையில் ஜன்னல் இல்லை.

கில்சு


ஜூன் 29, 2018

போமி அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். வேலை முடிந்து இப்போதுதான் அறைக்கு வந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்களாம். போமி மேடையேறினாளாம், கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தாளாம். எல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விமானத்தில் நான் கண்ணை மூடவில்லை. முன்னால் இருந்த திரையில் சின்ன விமானம் ஒன்று கடலின் மேல் ஊர்ந்துகொண்டே இருந்தது, பதின்மூன்று மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவும் உங்கள் வீட்டு சோபாவில் தூக்கம் பிடிக்கவில்லை. போயும் போயும் அந்த மண்டபத்தில், அந்த மெத்தை நாற்காலியில் வந்து பிடித்தது. கண் விழித்தபோது ஆட்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து தூங்கிவிட்டுப் போன அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ தட்டி எழுப்பியிருக்கலாம், ஓக்ஜு. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். ஏன் எழுப்பவில்லை? எனக்கு இதை மட்டும் விழுங்க முடியவில்லை.

கிளம்பும்போது விமான நிலையத்தில் நீயும் நானும் கை குலுக்கினோம். நீ கையை நீட்டினாயா நான் நீட்டினேனா தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டி கை குலுக்குகிறோமே என்று உள்ளே போனதும் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது.

அக்கா சொன்ன அறையை எடுத்துக்கொள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

கில்சு


ஜூலை 15, 2018

போமி அப்பாவுக்கு,

வேண்டுமென்றேதான் எழுப்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அங்கே இல்லையே.

ஆங்கில எழுத்து வரிசையில்தான் பெயர்களைக் கூப்பிட்டார்கள். நம் குடும்பப் பெயர் பியோ, அது வருவதற்குள் பாதிக் கூட்டம் கொட்டாவி விட்டது. நீங்கள் முதலில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள், வீடியோவில் உட்காருவதுபோல. கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் வந்து விழுந்தது. கனமாக இருந்தது. நான்கு வருடம் கழித்துப் புருஷன் தலை தோளில் சாய்கிறது, ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். கனம் மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம் உங்கள் கைகளைப் பார்த்தேன். திரையில் நான் பார்க்காத கைகள். மடியில் இருந்த இரண்டும் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளின. நிற்கும், மறுபடி தள்ளும். பக்கத்து நாற்காலி அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது வலித்தது. இங்கே என்று காட்டத் தெரியவில்லை, ஆனால் வலித்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்த வலி என்பதால் முதலில் அது என்னவென்றே தெரியவில்லை.

எழுப்பலாம் என்று கையை எடுத்தேன். அதற்குள் 'பியோ போமி' என்று கூப்பிட்டுவிட்டார்கள். எழுப்பினால் நீங்கள் விழித்து, கண்ணைக் கசக்கி, எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்குள் அவள் இறங்கிவிடுவாள். அதனால் உங்கள் வலது கையைப் பிரித்து எடுத்தேன். விடவே மாட்டேன் என்றது. எடுத்து, என் கையோடு சேர்த்துத் தட்டினேன். நன்றாகச் சத்தமாகவே தட்டினேன். உங்கள் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது, அதனால் சத்தம் கூடுதலாகவே வந்தது. போமி மேடையிலிருந்து அதைப் பார்த்துத்தான் கையசைத்தாள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் சாட்சி.

முடிந்ததும் அங்கியோடு ஓடி வந்தாள். நான் உங்களை உலுக்கப் போனேன். "தூங்கட்டும்மா. அவருக்கு இப்ப நடு ராத்திரி" என்றாள். மண்டபம் காலியாகிறவரை நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். போமி உங்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அது தள்ளவில்லை.

அக்காவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம். "அந்த மனுஷன் அங்க ஒனக்கு என்னத்த வெச்சிருக்கான்னு போற?" என்றாள்.

"ஒரு கட்டில்ல பாதி நேரம்" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு?"

"அவர் வேலைக்குப் போறப்போ நான் தூங்குவேன்க்கா. ஏழு வருஷமா அப்படித்தானே இருக்கோம்."

சந்தோஷத்தில் முடிவு செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் பொங்கவில்லை. உங்கள் அறையில் ஜன்னல் இல்லை என்பதை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. அங்கேயும் ஏதாவது சமையலறையில் வேலை தேடிக்கொள்வேன், ஜன்னல் உள்ள இடமாக ஒன்று பார்ப்போம். தங்கையிடமிருந்து பியானோவை இப்போதே கேட்டுவிடாதீர்கள்.

போமியை விடுதியில் விட்டுவிட்டு செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன். எதிர்க்காற்று, ஒரு நாள் காணாமல் போகும் என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும். போனதோடு சேர்ந்து போகட்டும்.

நான் இறங்கும் நேரம் உங்களுக்கு வேலை நேரம், பார்த்துவிட்டேன். விடுப்பு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம், பூங்கொத்தெல்லாம் வேண்டாம், கை குலுக்கலும் வேண்டாம். பெட்டிகளை டிராலியில் ஏற்றி நானே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஆனால் ஒன்று. பெட்டிகளை இறக்கியபின் டிராலியை அடுக்கும் இடத்தில் கொண்டு போய் விடமாட்டேன். வழியில் நட்டநடுவே விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பேன். எடுக்க நீங்கள் வந்துதானே ஆக வேண்டும்.

ஓக்ஜு